இது வேற ஜுரம்

காய்ச்சல் வார்டில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் பழகியிருக்கும். பிடிபடாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு காய்ச்சலுக்கு லேபிலிருந்து தாள் வரும். அதில் 'பாசிட்டிவ்' என்று இருக்கும். மலேரியாவோ, டைபாய்டோ, ஏதோ ஒன்று. அப்பாடா என்று இருக்கும். நோயின் பெயரை எழுதி, அடிக்கோடு போட்டு, மருந்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவோம். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்குவதற்கு முன்னால் நமக்கு இறங்கிவிடும்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான், மருத்துவர்களாக வார்டுக்குள் நுழையப்போகிற உங்களிடம் பேச நினைத்தேன். மருந்தின் அளவையும் சிகிச்சை முறைகளையும் உங்கள் கைபேசியே சொல்லிவிடுகிறது. அது சொல்லாத ஒரு விஷயத்தை எனக்கு ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். அவளைத் தேசம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய நாத்தனாரைக் கன்னியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நான் வைத்த பெயர்கள். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் நான் உதவி மருத்துவர். மழைக்காலம் முடிந்ததும் மதுராந்தகம் தொடங்கிக் கடற்கரைக் குப்பங்கள் வரை எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சல்கள் எங்கள் வாசலுக்கு வரும். எச்.ஐ.வி.யும் எங்கள் வார்டுக்குப் புதிதல்ல. அதைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அது எங்கள் நோயாளிகளின் கைக்கு எட்டாது என்றும் தெரியும். அரசு அதை இலவசமாகக் கொடுக்க இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. அதனால் ஒரு பழக்கம் எல்லோருக்கும் ஊறிப்போயிருந்தது. ரத்தத்தில் அது இருப்பது தெரிந்துவிட்டால், அந்த ஆளுக்கு வருகிற எந்தக் காய்ச்சலும் அந்த நோயின் காய்ச்சல்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி நினைக்கவில்லை. கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதபோது மனது சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றிருந்தபோது, ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை எதன்மேலும் நிற்கவில்லை. உதடு வெடித்திருந்தது. தொட்டால் கை சுட்டது. வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவள்தான் தேசம்மா. கூட வந்தவர் கன்னியம்மா, தேசம்மாவின் கணவனுக்கு அக்கா. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு குப்பத்தில் மீன் வியாபாரம் செய்பவர். அவர் குரல் கேட்டதும் வரிசை தானாக விலகியது.

வழியில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கணவன் எச்.ஐ.வி.யால் முந்தின வருடம் இறந்துபோனவன். இவளுக்கும் இருப்பது அப்போதே உறுதியாகிவிட்டது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

"டாக்டரம்மா, பெருசா ஒண்ணும் கேக்கல," என்றார் கன்னியம்மா. "ஒரு ஊசி போட்டு ஜுரத்த எறக்கி வுடு. ஒளறிகினே கீறா, அத நிறுத்திடு. ஆட்டோவ நிக்க வெச்சிகினு கீறேன். வூட்டுக்கு இட்டுகினு போயிடறேன்."

"அட்மிட் பண்ணணும்மா."

"அது வேணாம். என் தம்பிய இப்பிடித்தான் ஒரு ஆஸ்பத்திரில சேத்தேன். டியூப்ப புடுங்கறான்னு கைய கட்டிலோட கட்டிட்டாங்க. கட்டு அவுக்கறதுக்கு முன்ன போயிட்டான். இவளாச்சும் வூட்ல போவட்டும். நான் பக்கத்துல கீறேன்."

நோயாளியை விட்டுவிட்டுக் காணாமல் போகிற சொந்தக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ரகம் இல்லை. தம்பி செத்த மாதிரி தம்பி மனைவி சாகக்கூடாது என்று நினைத்தவர். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. அதை எப்படித் தவறு என்று சொல்வது?

நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே தேசம்மாவைப் பார்த்தேன். கீழ் இமை வெளுத்திருந்தது, கண்ணின் ஓரத்தில் லேசான மஞ்சள். கழுத்து விறைக்கவில்லை. வயிற்றின் இடப்பக்கம் கை வைத்தபோது மண்ணீரல் விரலில் இடித்தது. இதில் எதுவும் எச்.ஐ.வி. உள்ளவருக்கு வரக்கூடாதது இல்லை. காசநோயில் வரும், வேறு எத்தனையோ நோய்களில் வரும். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவள் கணவனைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். அவன் எந்த ஊரில் வேலை செய்தான், எப்போது படுத்தான், எப்போது இறந்தான். அவளைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கேட்டதும் பெரிய யோசனையில் அல்ல. கன்னியம்மா ஆட்டோவை நோக்கித் திரும்பிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பேச வைக்க வேண்டியிருந்தது.

"இவ இப்ப என்ன வேலைக்குப் போறா?"

"முட்டுக்காட்டாண்ட பெருசா ஓட்டலு கட்டிகினு கீறாங்களே, அங்கதான். ஒரிசாலேந்து வந்த பசங்க வேல செய்றானுங்க. அவனுங்களுக்கு சோறாக்கிப் போடறா. காலீல நாஸ்தாவும் இவதான். அங்கியே கொட்டாயில படுத்துக்குவா. ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வருவா. பொண்ணு எங்கிட்டதான் கீது, இஸ்கூலுக்குப் போவுது."

"அங்க வேற யாருக்காவது ஜுரம் இருக்காம்மா?"

"அத ஏன் கேக்கற. பாதிப் பசங்க குளிரு ஜுரத்துல சுருண்டுகினு கீறானுங்க. இவதான் அவனுங்களுக்குக் கஞ்சி வெச்சிக் குடுத்துகினு இருந்தா. ஒரே பேஜாரு. அப்பறம் பாத்தா இவளே படுத்துட்டா."

ஒரிசாவின் சில பகுதிகளில் அப்போது ஆளைக் கொல்லும் ரக மலேரியா சாதாரணம். கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டிகளில் நம் ஊர்க் கொசு ஏற்கனவே குடியிருக்கும். கிருமி யாருடைய ரத்தத்திலாவது ரயிலேறி வந்தால் போதும். இதெல்லாம் நான் பாடமாகப் படித்தவைதான். கன்னியம்மா பேசியபோது அது பாடமாக இல்லை, எதிரே ஸ்ட்ரெச்சரில் கிடந்தது.

"இது மலேரியாவா இருக்கலாம்மா. அதுக்கு மருந்து இருக்கு."

"பொயச்சிக்குவாளா?"

பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு இரண்டு பதில்கள் சுலபமாக இருந்தன. பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லி அவளைச் சேர்த்துவிடலாம். கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டும் எனக்குத் தெரியாத விஷயங்கள்.

"தெரியாதும்மா," என்றேன். "மலேரியாதானான்னே இன்னும் தெரியாது. அந்த நோயால வந்த காய்ச்சலா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனக்கு ரெண்டு நாள் கொடுங்க. கையைக் கட்ட மாட்டோம். நீங்க பக்கத்துலயே இருக்கலாம். எங்களால முடியலைன்னா நானே சொல்லிடறேன், அப்ப கூட்டிட்டுப் போயிடுங்க."

கன்னியம்மா திரும்பி வாசலுக்குப் போனார். ஆட்டோக்காரரைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் தனியாகத் திரும்பி வந்து, தேசம்மாவின் சேலையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "எந்த வார்டு?" என்றார்.

அவசரத்தில் நோயாளியின் குடும்பத்திடம் பேச வேண்டி வரும்போது உங்களுக்குத் தைரியம் கொடுக்கத் தோன்றும். கொடுங்கள். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தெரியாது என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று உங்களைப் போல நானும் பயந்தவள்தான்.

கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த முதல் ரத்தப் பூச்சில் மலேரியாக் கிருமி எதுவும் தெரியவில்லை. குப்பத்துப் பக்கம் ஏதோ மருந்துக் கடையில் குளிர் ஜுர மாத்திரை வாங்கிப் பாதி சாப்பிட்டிருந்தாள். கிருமி பதுங்கியிருக்கலாம். அல்லது கிருமியே இல்லாமல் இருக்கலாம். முதுகுத்தண்டு நீரை எடுத்து அனுப்பியிருந்தேன். அதன் முடிவு வர நேரமாகும். தேசம்மாவின் முணுமுணுப்பும் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் தலைமை மருத்துவர் வார்டுக்கு வந்தார். குறைவாகப் பேசுவார். பேசினால் கறாராகப் பேசுவார். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஸ்மியர் நெகட்டிவ். எச்.ஐ.வி. பாசிட்டிவ். நினைவு தப்பியிருக்கு. இதுல நீங்க மலேரியாவுக்குக் குயினைன் போடறேங்கறீங்க."

"ஆமா சார்."

"மூளைக் காசநோயா இருந்தா?"

"அதையும் விடலை சார். அதுக்கான டெஸ்ட் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் இதைத் தள்ளிப்போட முடியாது."

"உங்க கணக்கு தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா மருந்து வீண் சார். பக்கத்துல இருந்து பார்த்துக்கணும், அந்தச் சிரமம். சரியா இருந்து, கொடுக்காம விட்டுட்டா, நாளைக்கு ஆள் இருக்க மாட்டா."

"அப்ப என்கிட்ட கேட்டுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க?"

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கிருந்து திரும்பாமலே, "சர்க்கரையைப் பார்த்துக்கிட்டே இருங்க. குயினைன் அதை இறக்கிடும்," என்றார்.

எனக்கு அவர் செய்த உதவியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அவர் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டு, அது தவறினால் எங்கே தவறும் என்பதை மட்டும் காட்டிவிட்டுப் போனார். மேலதிகாரி ஒருவர் இதைவிட அதிகமாக எதையும் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குயினைன் சொட்டு சொட்டாக இறங்க ஆரம்பித்தது. அவள் கையை அசைத்தால் ஊசி விலகிவிடும். கன்னியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சாப்பிடப் போங்கள் என்றாலும் போகவில்லை. கையைக் கட்ட மாட்டோம் என்று நான் சொன்னதைக் காப்பாற்றும் பொறுப்பை அவர் எங்களிடம் விட்டுவைக்கவில்லை.

இதற்குள் வார்டில் விஷயம் கசிந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டியின் மகன், அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று வார்டு சிஸ்டரிடம் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுக்கு எய்ட்ஸாமே, சிஸ்டர்?"

சிஸ்டர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தவில்லை. "அவங்களுக்குக் காய்ச்சல். உங்கம்மாவுக்கும் காய்ச்சல். உங்கம்மாவுக்கு வேற என்னென்ன இருக்குன்னு நான் அவங்ககிட்ட சொன்னேனா?"

அவர் அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு யாரும் கேட்கவில்லை. சிஸ்டர் வெந்நீரில் துணி நனைத்துத் தேசம்மாவின் முகத்தைத் துடைத்து, சடை பிடித்துப்போயிருந்த தலையைச் சீவிப் பின்னிவிட்டார். எல்லோரும் பார்க்கிற மாதிரி, மெதுவாக. அந்த வார்டுக்கு நாங்கள் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் அந்தப் பின்னல் செய்த வேலையைச் செய்திருக்காது.

இரண்டாவது ரத்தப் பூச்சின் முடிவோடு லேப் டெக்னீஷியன் தானே படியேறி வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாகக் கிருமிகள். எவ்வளவு ஆபத்தான மலேரியா என்று தெரிந்தும், வேண்டியவர்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது எங்களுக்கு. மருந்து இருக்கிற நோய். அந்த நாட்களில் எச்.ஐ.வி. உள்ள ஒருவரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல எங்களுக்கு அதிகம் வாய்த்ததில்லை.

மறுநாள் காலை பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு 'ம்' என்றாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் புறநோயாளிகள் பகுதிக்கு இறங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலேயிருந்து ஆள் ஓடி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தேசம்மா கைகால்களை உதறி ஓய்ந்து, அசையாமல் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. கன்னியம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தம்பியின் பெயரைச் சொல்லி, உன் பொண்டாட்டியையும் உன்னிடமே அனுப்பிவிட்டேனே என்று அழுகை ராகமாக மாறிவிட்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், முடிந்துபோன இடத்துக்கு விடுகிற மாதிரி. பயிற்சி மருத்துவர், "மூளைக்கு ஏறிடுச்சு மேடம், அந்த நோய்தான்," என்றார்.

நான் நெற்றியில் கை வைத்தேன். காய்ச்சல் இல்லை. ஆனால் தலையணை முழுக்க நனைந்திருந்தது, தண்ணீர் கொட்டிய மாதிரி வியர்வை. எதிர்ப்பக்கம் பார்த்தேன். சிஸ்டர் குளுக்கோஸை ஊசியில் ஏற்றித் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சர்க்கரை பார்க்கும் பட்டையில் ரத்தத்தைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எண் மிகக் கீழே இருந்தது. ஊசியை வாங்கி நரம்பில் ஏற்றினேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லி விளங்காது. ஊசி காலியாகிக்கொண்டிருக்கும்போதே அவள் இமை அசைந்தது. பிறகு கண் திறந்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, தரையைப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள். "எதுக்கு அயுவுற?"

கன்னியம்மா அழுகையைப் பாதியில் நிறுத்தினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன்னியப் பாத்துத்தான்டி," என்றார். வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் மூதாட்டியின் மகன் போய்க் காபி வாங்கி வந்தார். கன்னியம்மாவுக்கு ஒரு டம்ளர், அவர் அம்மாவுக்கு ஒரு டம்ளர்.

அன்று நான் கற்றுக்கொண்டது இது. ஒரு பெரிய நோயின் பெயர் ஒருவர் மேல் எழுதப்பட்டுவிட்டால், அவருக்கு வருகிற எல்லாமும் அதற்குள் போய் விழுந்துவிடும். காய்ச்சல் விழும், வலிப்பு விழும். நாம் கொடுத்த மருந்தால் வந்த தாழ்சர்க்கரைகூட விழும். கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

காய்ச்சல் இறங்கியது. முதுகுத்தண்டு நீரில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. பொது சுகாதாரத் துறைக்குத் தகவல் போய், அவர்கள் அந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனார்கள். தேசம்மா கஞ்சி வைத்துக் கொடுத்த பையன்களில் பலருக்கு அதே கிருமி இருந்தது. மருந்து கொடுத்தார்கள், தொட்டிகளைக் காலி செய்தார்கள். அவளுடைய ரத்தத்தில் அதைத் தேடாமல் விட்டிருந்தால் அந்தக் கொட்டகையில் இன்னும் யார் யார் விழுந்திருப்பார்கள் என்று தெரியாது. அவர்களில் யாருக்கும் அவள் பெயர் சொல்லப்படவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது மறுபடி காய்ச்சல் எட்டிப் பார்த்தது. அதிகமில்லை. இரண்டு மூன்று நாள் விடாமல் வந்தது. இப்போது வார்டு முழுக்க மலேரியா பக்கம் சாய்ந்திருந்தது. பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் அந்தக் கேஸைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிருமி மருந்துக்கு அடங்கவில்லை, மருந்தை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குள் விவாதம். நான் கட்டிலருகே நின்று வெப்ப அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதும் மருந்தை மாற்றுவது பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தேசம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இது வேற ஜுரம்," என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"அது வந்தா தூக்கிப் போட்டு ஆட்டும். பல்லு கிட்டிக்கும். அப்பறம் வேர்த்து வுட்டுடும், நல்லாயிடுவேன், எந்திரிச்சி சோறாக்குவேன். இது அப்பிடியில்ல. சாயங்காலமானா மெதுவா வந்து உக்காந்துகினு போவமாட்டேங்குது. இது அதுக்கு முன்னாலியே கீது டாக்டரம்மா. அது நடுவுல வந்துட்டுப் போயிடுச்சி."

"முன்னாடின்னா எப்ப?"

"அவரு செத்த கொஞ்ச நாள்ளேந்து. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

ரத்தப் பூச்சை மறுபடி பார்த்தோம். மலேரியா சுத்தமாகப் போயிருந்தது. அவளை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், அன்றுதான் வந்த நோயாளியைப் பார்க்கிற மாதிரி. கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்கு மேல், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஊசியால் குத்தி எடுத்து அனுப்பியதில் காசநோய் என்று வந்தது.

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதால் மலேரியாவைப் பார்க்காமல் விட இருந்தார்கள். மலேரியா கிடைத்துவிட்டதால், எச்.ஐ.வி. திறந்துவிட்ட கதவு வழியாக ஏற்கனவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்த காசநோயை நாங்கள் பார்க்காமல் விட இருந்தோம். இரண்டு நிம்மதிகளும் ஒரே மாதிரிதான். ஒரு பதில் கிடைத்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஒரே உடம்பில் இரண்டு காய்ச்சல் குடியிருக்கலாம். ஒன்று இன்னொன்றைத் தூக்கிவிடவும் செய்யும். அவற்றைப் பிரித்துச் சொல்ல அந்த அறையில் ஒரே ஒருவரால்தான் முடிந்தது. இரண்டையும் அனுபவித்தவளால்.

காசநோய் மருந்து ஆரம்பித்து, மாலைக் காய்ச்சல் அடங்கி, இட்லி கேட்டுச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவளை அனுப்பினோம். அவள் பெண்ணுக்கும் ரத்தம் பார்த்தோம், எதுவும் இல்லை. அதைச் சொன்னபோது தேசம்மா கையை நீட்டி என் கையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது கன்னியம்மாவிடம் நான் மனதில் இருந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு எதை நம்பிம்மா ஆட்டோவைத் திருப்பி அனுப்புனீங்க?"

"நீதான் தெரியாதுன்னு சொன்னியே," என்றார். "மத்தவங்கல்லாம் தெரியும், தெரியும்னாங்க. தெரியாதுன்னு சொல்றவ தேடிப் பாப்பான்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து வந்தது. முதலில் சென்னைப் பக்கம்தான் கொடுத்தார்கள். குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். தேசம்மாவும் கன்னியம்மாவும் மீன் கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுச் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள். பிறகு பக்கத்திலேயே கிடைக்க ஆரம்பித்தது. அந்த மருந்து வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வார்டில் கண் மூடியவர்களை நான் மறக்கவில்லை. ஒரு மழைக்காலம் தாண்டியிருந்தால் போதும் என்று சொல்லத்தக்கவர்கள் அவர்களில் நிறையப் பேர். தேசம்மா தாண்டினாள். அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். முடிவை என்னிடம் விட்ட அந்த மருத்துவர், தலை பின்னிவிட்ட சிஸ்டர், படியேறி வந்த டெக்னீஷியன், கையை விடாமல் பிடித்திருந்த கன்னியம்மா. எல்லோருக்கும் மேலாக, எங்களைத் திருத்திய தேசம்மா. நோயாளியிடம் நன்றிக்கடன் படுகிற வேலை இது. உங்களுக்கும் அது வாய்க்கட்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கிருத்திகைக்குத் திருப்போரூர் போயிருந்தேன். சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் ஒரு சிறிய டிபன் கடை. உள்ளே நல்ல கூட்டம். பெஞ்சில் இடம் கிடைத்ததும் உட்கார்ந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று இட்லித் தட்டைத் திறந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தேசம்மா. கொஞ்சம் பெருத்திருந்தாள். நெற்றியோரத்தில் நரை. என்னைப் பார்த்தாள். வாய்வரை வந்த பேரை விழுங்கிக்கொண்டேன். நான் என்ன வேலை பார்த்தவள் என்று அங்கே யாருக்காவது தெரிந்தால், இவளை எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அடுத்து வரும்.

அவள் இலையைப் போட்டு, சூடாக இட்லி வைத்து, வடைகறியைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா, தெரிஞ்சவங்களா?"

"இல்லண்ணா," என்றாள் அவள், கை நிற்காமல். "கோயிலுக்கு வந்தவங்க."

அவர் பேப்பருக்குத் திரும்பினார். அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டு, சட்னித் தூக்கோடு மறுபடி என் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னும் ரெண்டு வெக்கட்டாம்மா?"

"வைம்மா," என்றேன். வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.